ஐதராபாத்தின் நீர்ப்பெயர்கள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோட்டையிலும் கொத்தளத்திலும் தேடுதல் வழக்கம். ஆயின் ஓடைக்கும் குட்டைக்கும் ஊரார் இட்ட பெயர்களும் வரலாறே. 1946இல் வெளிவந்த ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் இதனை நமக்கு உணர்த்தினார்கள். அவ்வழி நின்று, நாம் வாழும் ஐதராபாத் நகரின் நீர்ப்பெயர்களை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

நீர்ப்பெயர்களைப் பதிந்து வைப்பதில் நம் முன்னோர் விழிப்புடையோராய் இருந்தனர். சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாக அளிக்குங்கால், பெண்யானையை எல்லை வழியே நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டினர். எல்லையில் அமைந்த வாய்க்கால்களையும் செப்பேட்டில் பொறித்தனர். ஆனைமங்கலச் செப்பேடு இதற்குச் சான்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ, இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என நிலத்தின் இருப்பிடத்தையே நீரின் பெயரால் சுட்டுகின்றன. அயர்லாந்தில் ஜான் ஓ டோனவன் என்னும் அறிஞர் முதியோரை வினவி ஊர் ஊராக இடப்பெயர் திரட்டியது 1830களில்தான்.

இனி நம் நகருக்கு வருவோம். 1591இல் ஐதராபாத் தோன்றுமுன்னரே, 1560களில் உசேன் சாகர் அமைந்துவிட்டது. பாறை மிகுந்த இந்நிலத்தில் மழைநீரைத் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். தெலுங்கில் ஏரி செருவு, குட்டை குண்ட, ஓடை வாகு, கால்வாய் காலுவ. குண்ட என்பது நம் குட்டைக்கும், காலுவ என்பது நம் காலுக்கும் உறவுடைய சொற்களாம். நல்லகுண்ட என்னும் பகுதியை நம்மவர் ‘நல்ல குட்டை’ எனக் கருதுதல் கூடும். தெலுங்கில் ‘நல்ல’ என்பது கருமையைக் குறிக்கும். மாசாப் டாங்க் என்பது ‘மா சாஹிபா’ எனப் போற்றப்பெற்ற அரசமாதின் ஏரி. இன்று ஆங்கு ஏரி இல்லை. திரிந்த பெயரே எஞ்சியது.

பெயரின் பொருளை மறந்தால் என்னாகும்? 1908 செப்டம்பர் 28 அன்று மூசியாறு பெருகிப் பல்லாயிரவரைக் கொண்டது. மேற்புறத்து ஏரிகள் பல உடைந்தமையும் அதற்குக் காரணமாயிற்று. விசுவேசுவரய்யா அவர்களின் ஆய்வின் பயனாக உசுமான் சாகர் 1920இலும், இமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. 1910களில் லியோனார்டு மன் என்பாரின் தலைமையில் நகர் முழுதும் நுணுக்கமாக அளந்து வரையப்பெற்றது. எனினும் 2020 அக்டோபரில் பல்லெ செருவும் குர்ரம் செருவும் உடைந்து வீடுகளுக்குள் புகுந்தன. நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை, நாம்தாம் மறந்தோம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அம்பர்பேட்டையில் தூர்ந்து கிடந்த பதுக்கம்மா குண்ட 2025இல் மீண்டும் தோண்டப்பட்டது, நீரும் ஊறிற்று. பதுக்கம்மா விழாவின் மலரடுக்குகளை மகளிர் நீரில் விடுவதைக் குறிக்கும் பெயர் அது. பழைய நில ஆவணத்தில் ‘குண்ட’ என்னும் அச்சொல் இருந்தமை மீட்புக்குத் துணைநின்றது. பெயரே நீரின் உரிமைப் பத்திரம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நமக்கு இதன் நீரைப் பருகிய கடனுண்டு. நாம் வாழும் தெருவின் கீழ் ஓடும் நாலாவுக்கு முன்பு என்ன பெயர் என அண்டைவீட்டுத் தெலுங்கு முதியோரையும் உருது முதியோரையும் வினவுவோம். கேட்டதைக் குறித்து வைப்போம். கல்லில் வெட்டிக் காத்தவரின் வழித்தோன்றல்களுக்கு, தாளில் எழுதிக் காத்தல் அரிய செயலன்று.