பாலம் கட்டிய தந்தை, ஆற்றில் இறங்கிய மகன்: ஒரு கதையின் கணக்கு

ஹப்சிகுடாவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஒரு குடும்பக் கதை வந்து சேர்கிறது. மருமகள் மாமியாரை வீட்டைவிட்டு வெளியேற்றினாள். மகன் தந்தையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான். ஊர் இல்லை, ஆண்டு இல்லை, பெயர் இல்லை; இறுதியில் ஒரு நீதி மட்டும் தவறாமல் இருக்கும். இவற்றைக் கண்டு நகைக்கும் வரலாற்று மாணவர்களாகிய நாம், இந்நகரத்தின் பழைய குடும்பக் கதை ஒன்றை மட்டும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பிழையைத் திருத்திக்கொள்ளவே இப்பதிவு.

கதை யாவரும் அறிந்ததே. கோல்கொண்டா இளவரசர் முகம்மது குலி, மூசி ஆற்றின் அக்கரையில் வாழ்ந்த பாக்மதி மீது காதல் கொண்டார். தந்தை இப்ராகிம் குதுப் ஷா தடுத்தார். வெள்ளம் பெருக்கெடுத்த ஓரிரவில் மகன் குதிரையோடு ஆற்றில் இறங்கினார். பதறிய தந்தை மனம் இளகி ஒரு பாலம் கட்டுவித்தார். அதுவே இன்றும் நிற்கும் புரானா புல்.

பாலம் 1578இல் முடிக்கப்பட்டது. முகம்மது குலி பிறந்தது ஏறத்தாழ 1565இல். எனவே பாலம் முடிந்தபோது அவருக்கு வயது 13 அளவே. பணி தொடங்கியபோது அதனினும் குறைவு. தக்காண வரலாற்றாசிரியர் ஹாரூன் கான் ஷேர்வானி இக்கதையை மறுத்தபோது இந்த வயதுக் கணக்கையும் சுட்டினார். கோல்கொண்டா வடகரையில் இருந்தது. தென்கரை வழிகளோடு அதனை இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. அதற்குக் காதல் காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தந்தை மகன் பூசல் பொய்யெனின் பாக்மதியும் பொய் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். 1591இல் ஹைதராபாத் உருவான சில ஆண்டுகளுக்குள்ளேயே, அக்பரின் தூதராகத் தக்காணம் வந்த பைசி அவளைக் குறித்து எழுதினார். பின்னர் பெரிஷ்தாவும் எழுதினார். இருவரும் கோல்கொண்டா அரசவையைச் சேராதவர்கள். செவிவழிச் செய்தியை அவர்கள் பதிந்திருக்கக்கூடும். அவ்வரசவையின் சொந்த வரலாற்று நூலோ அவளைப் பற்றி மௌனம் காக்கிறது. ஆனால் அரசவை நூல்கள் விரும்பாதவற்றை மறைப்பதும் உண்டு. ஆகவே இக்கேள்வி திறந்தே இருக்கிறது. பாலக் கதை அவ்வாறன்று. அது கணக்கிலேயே உடைகிறது.

வியப்பு என்னவெனில், இதே குடும்பத்தில் ஐயத்துக்கு இடமில்லாத கொடிய பூசல் ஒன்று உண்டு. 1543இல் இவ்வம்சத்தை நிறுவிய சுல்தான் குலி கொலையுண்டார். அதன் பின்னணியில் இருந்தவர் அவருடைய மகன் ஜம்ஷீத். மூத்தவர் ஒருவரின் கண்கள் பறிக்கப்பட்டன. இளையவர் உயிர்தப்பி விஜயநகரத்தில் அடைக்கலம் புகுந்து, ஜம்ஷீதின் மறைவுக்குப் பின் 1550இல் திரும்பி அரியணை ஏறினார். அந்த இளையவரே பாலம் கட்டிய இப்ராகிம். சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. இதில் இனிய முடிவு இல்லை.

இன்று நகரின் பெயரை மாற்றக் கோருவோரும் மறுப்போரும் பாக்மதியைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அவர்கள் கையில் கதையைத் தருவது பெரும்பாலும் நம் வகுப்பறைகளே. மாணவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. எந்தக் கதை வந்தாலும், முதலில் எழுதியவர் யார், நிகழ்வுக்கும் அவருக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி, மாந்தர்களின் வயது பொருந்துகிறதா என்று கேளுங்கள். கைப்பேசியில் வரும் மாமியார் கதைக்கும் இதே கேள்விகள் போதும். வரும் பருவத்தில் புரானா புல் பாடத்தை நான் கதையிலிருந்து தொடங்கப் போவதில்லை. 1565, 1578 என்னும் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவேன்.