முன்மூளை மறதிநோய்: பராமரிப்போருக்கான தொலைதூரத் துணையின் வரலாறு

முன்மூளை, பக்க மூளைப் பகுதிகள் சிதைவதால் வரும் மறதிநோயை 1892-இல் பிராகா நகர மருத்துவர் ஆர்னால்டு பிக் முதலில் விவரித்தார். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் இந்நோயில் நினைவாற்றலுக்கு முன்பே குணமும் பேச்சும் மாறுகின்றன. கூச்சம் அகன்று, பாசம் வற்றி, சம்பாதிக்கும் வயதிலேயே ஒருவர் வேற்றாளாகிப் போவதை வீட்டார் திமிர் என்றோ மனநோய் என்றோ எண்ணிவிடுவது கொடுமை.

இந்தியாவில் மறதிநோய்க் குடும்பங்களுக்கான அமைப்பு 1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் உருவானது. 1998-இல் கொச்சியில் பிறந்த '10/66' மறதிநோய் ஆய்வுக்குழுவில் சென்னையும் வேலூரும் பங்கேற்றன. கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று பராமரிப்போருக்கு வழிகாட்டிய முயற்சி, அவர்களின் மன உளைச்சலைக் குறைத்தது. மருந்தால் தடுக்க முடியாத நோயில் இதுவே பெரிய சாதனை.

தொலைவழி மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னே நின்றது. 2010-இல் சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்தை அனுப்பி, காணொலி வழியே மனநல ஆலோசனை தந்தது. பராமரிப்போருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' இணையப் பயிற்சி பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் சோதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் இந்தியாவின் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின.

வெள்ளாற்றங்கரைச் சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில், நோயாளியைத் தனியே விட்டுவிட்டுச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போவது இயலாத காரியம். அங்குள்ள வீட்டாரும் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் இரவு பகலாகத் தமிழில் ஆலோசனை பெறலாம், அழைப்புக்குக் கட்டணமில்லை.