தபித்தாவின் ஊசி



யோப்பா கடலோர ஊர். அங்கே ஒரு சாவு வீட்டைத் திருத்தூதர் பணிகள் நூல், 9ஆம் அதிகாரத்தில் காட்டுகிறது. இறந்து கிடப்பவர் தபித்தா. கிரேக்க மொழியில் தொற்கா. பேதுரு மாடியறைக்குள் வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று, தபித்தா உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டி அழுகிறார்கள். எவ்வளவு தருமம் செய்தார் என்று லூக்கா கணக்கு எழுதவில்லை. அந்தத் துணிகளே சாட்சி. இன்னொன்று: கிரேக்க மூலத்தில் 'சீடர்' என்ற சொல்லின் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவர் ஒருவருக்குத்தான் வருகிறது. ஊசி பிடித்த கைக்குக் கிடைத்த பெயர் அது.

தூர் நகர் புனித மார்ட்டின் தம் மேலாடையை வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்ததை அறிவோம். பாதுகாக்கப்பட்டுவந்த அந்த மேலாடையின் பெயரிலிருந்துதான், நாம் இன்று சொல்லும் 'சாப்பல்' என்ற சொல்லே பிறந்தது. 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெத்தடிஸ்ட் போதகர் இன்னொரு படி போனார். வசதியானவர்களிடம் பழந்துணி வாங்கினார். வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அதைச் சரிசெய்ய வைத்தார். வாங்கியவரும் தைத்தவரும் ஒருவரே என்றானபோது தருமம் வேலையாக மாறியது.

நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் வந்தவர்கள் பலரும் அதில் உண்டு. அடுத்த சில நாள்களில் நாடெங்குமிருந்து லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. நல்ல மனத்தோடு அனுப்பியவைதான். ஆனால் பெரும்பகுதி பழையது, கிழிந்தது, கடற்கரைக் குடும்பங்கள் உடுத்தாதது. முந்தின வாரம்வரை தம் வலையை நம்பி வாழ்ந்த மீனவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். துணி சாலையோரம் குவிந்து மண்ணோடு மக்கியது. அவர்களுக்கு நன்றியில்லை என்று அன்று பேசியவர்களும் உண்டு. அவர்கள் மறுத்தது சரி என்றே நாம் நினைக்கிறோம். வீட்டை இழந்தவரிடம் நம் அலமாரியைக் காலிசெய்ய நமக்கு உரிமை ஏது?

அந்தக் குவியலைத் தமிழக அரசோடு சேர்ந்து தரம்பிரித்தது, அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு. கிராமத்தார் கிணறு வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு மதிப்பாகத் துணி தருவது அதன் வழக்கம். இலவசம் என்ற பேச்சில்லை.

ஆரோவில்லில் நடந்ததோ இன்னும் சிறியது. அங்கே 'உபாசனா' என்ற ஆடை நிறுவனத்தை நடத்திய உமா பிரஜாபதி, கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவப் பெண்களை உட்கார வைத்து, வெட்டித் தள்ளிய துண்டுத் துணியில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுத்தந்தார். பெயர் 'சுனாமிகா'. ஒவ்வொரு பொம்மைக்கும் செய்தவருக்குக் கூலி உண்டு. பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே கைமாறும். பெற்றவர்கள் விரும்பித் தருவதே அடுத்த பொம்மைக்குக் கூலி. இப்படி 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போயிருக்கிறது.

எங்கள் நெமிலிச்சேரிப் பக்கம் துணிக்கும் தையலுக்கும் பஞ்சமில்லை. ஆவடி ஓ.சி.எஃப்-இல் 1961 முதல் இராணுவச் சீருடை தைக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு விடியலிலேயே வேன் ஏறும் பெண்கள் எத்தனை பேர்! பிள்ளைக்காகவோ முதுகுவலிக்காகவோ வேலையை விட்டவர்கள் வீட்டில் தையல் மிஷின் மூடிக் கிடக்கிறது. அவர்களில் கைம்பெண்களும் உண்டு.

திருவருகைக் காலத்தில் பங்குகளில் துணி சேர்ப்போம். உடுத்தத் தக்கதைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொண்டுவாருங்கள். கிழிந்த பருத்தியைத் தனி மூட்டையாகக் கட்டுங்கள். பையாகவோ மிதியடியாகவோ தைக்க அந்த மிஷின்களுக்குப் போகட்டும். மூட்டையோடு ஓர் உறையும் வேண்டும். அதில் தையல் கூலி இருக்கட்டும்.