தடை சொன்னவர்கள்

திருவரங்கத்தில் தாயார் சன்னிதிக்கு எதிரே, மேட்டழகியசிங்கர் சன்னிதியை அடுத்துள்ள மண்டபத்தைக் கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய இடமென்று காட்டுவர். காலம் சக ஆண்டு 807 என்கிறது ஒரு தனிப்பாடல். ஆய்வாளர் பலர் பன்னிரண்டாம் நூற்றாண்டென்பர். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தது முறையன்று என அவையினர் தடை கூறினர் என்பதும், அழகியசிங்கரே நகைத்து அதனை ஏற்றருளினார் என்பதும் செவிவழிச் செய்தி.

தடை சொன்னவர் கூறிய நியாயங்களை அக்கதை பேணவில்லை. தெய்வம் நகைத்ததும் விவாதம் முடிந்துவிடுகிறது. அவர்தம் வினாவோ எளியதன்று: முதல்நூலில் இல்லாததை வழிநூலார் எவ்வளவு சேர்க்கலாம்?

கம்பனையும் வான்மீகியையும் அருகருகே வைத்து ஆராய்ந்தவர் திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயர். 'தேசபக்தன்' தலையங்கத்துக்காகப் பெல்லாரிச் சிறையிலிருந்தபோது அவ்வாய்வை ஆங்கிலத்தில் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடும் கம்பனை ஒப்பிட்டார். 1925இல் பாபநாசம் அருவியில் மறைந்தார்; நூலைத் தில்லித் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது 1950இல். மறுப்போர்க்கு விடைகூற ஆசிரியர் இல்லை.

இம்மலருக்காகக் கைலாசபுரத்தில் நம் வட்டத்தின் பத்தாண்டுக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். (கையெழுத்தில் பாதி என்னுடையது.) நாவலொன்றைக் குறித்து இருவர் முகம் சிவக்க வாதிட, இரவு ஒன்பது மணிவரை நீண்ட கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏட்டில் அந்நாளுக்குரிய பதிவு: "கூட்டம் இனிது நிறைவுற்றது." எழுதியவள் நானே.