வங்கிக்குக் கணினி வந்தபோது ஆள் எடுத்த கதை

வங்கிகளில் கணினி வந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்த நாட்களில் கிளையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1983-ல் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலை போய்விடுமோ என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. 1960-களில் எல்.ஐ.சி. கல்கத்தாவில் கணினி வைக்க முயன்றபோது நடந்த பெரிய போராட்டத்தை மூத்த தோழர்கள் மறக்கவில்லை. அதனால் இயந்திரங்களுக்கு ஒரு வரம்பு வைத்துத்தான் சங்கங்கள் கையெழுத்துப் போட்டன.

அடுத்த ஆண்டு, 1984-ல், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து கிளைகளுக்கு வந்தவைதான் ஏ.எல்.பி.எம். என்று நாங்கள் அழைத்த லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள். 1989-ல் அவர் தலைமையிலேயே இரண்டாவது குழு இன்னும் விரிவான திட்டத்தைக் கொடுத்தது.

இந்த மெஷின்களில் உட்கார வெளியிலிருந்து ஆள் எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த கிளார்க்குகளையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சிறப்பு அலவன்சும் தந்தார்கள். சங்கத்தின் நெருக்கடிக்காக நிர்வாகம் விட்டுக்கொடுத்ததாகப் பலர் நினைத்தார்கள். வியாபாரக் கணக்குப்படி பார்த்தாலும் அதுதான் சரியான முடிவு என்பேன்.

சேமிப்புக் கணக்கு வட்டியையே எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச் வரை, மாதத்தின் 10-ம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. எங்கள் கிளைக்கு வந்த மென்பொருளை எழுதிய இளைஞர் கெட்டிக்காரர். ஆனால் அவர் மாதக் கடைசி இருப்பை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் சேமிப்புப் பிரிவு கிளார்க் பத்துக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்து, அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவருக்கு வங்கி வேலையைக் கற்றுக்கொடுக்க வருடங்கள் ஆகும். வங்கி வேலை தெரிந்தவருக்குக் கீபோர்டு பழக்கச் சில வாரங்கள் போதும்.

செலவுக் கணக்கில் நிர்வாகம் விட்ட ஒன்றும் உண்டு. மெஷின் வந்த பிறகும் சில மாதங்கள் லெட்ஜரையும் எழுதி, மெஷினிலும் ஏற்றி, இரண்டையும் ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு வேலை இரண்டு வேலையானது. ஆட்கள் மட்டும் கூடவில்லை. மெஷினின் விலை ஃபைலில் இருந்தது. இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து பேலன்ஸ் டேலி செய்தவர்களின் நேரம் எந்த ஃபைலிலும் ஏறவில்லை.

பிறகு வேகம் பிடித்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 பிறப்பதற்குள் வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிமயமாக்க வேண்டும் என்றார். ஏறக்குறைய அதே சமயத்தில், 2000-01-ல், விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். சம்பளச் செலவு குறைந்தது என்று நிர்வாகங்கள் மகிழ்ந்தன.

ஆனால் கோர் பேங்கிங் என்ற பெரிய வேலை அதற்குப் பின்தான் பெரும்பாலான வங்கிகளில் தொடங்கியது. பழைய லெட்ஜரில் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு எதற்கு, இந்த மைனர் கணக்கு ஏன் இன்னும் மாற்றப்படவில்லை, எந்தக் கணக்கில் செக்கை நிறுத்தச் சொன்ன கடிதம் இருக்கிறது என்று தெரிந்தவர்களில் பலர் அப்போது வீட்டில் இருந்தார்கள். எங்கள் கிளையில் மீதியிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, ஒவ்வொரு கணக்காகப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துச் சரிபார்த்தோம்.

இன்று ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது, அந்த இருப்புத்தொகை சரியாக இருப்பதற்குக் கணினி மட்டும் காரணமல்ல. அதில் முதல் எண்ணைச் சரிபார்த்து ஏற்றியவர் ஒரு கிளார்க்.