கடல் தாண்டும் மளிகையும் சுபிக்ஷாவின் வீழ்ச்சியும்

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் ஓர் அரிசி மூட்டை பாம்பூஃப்ளாட் கடைத்தெருவை அடையும் வழி நீளமானது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். காற்றும் மழையும் இடம்கொடுத்தால் மூன்று நாள். ஹேடோ துறையில் இறக்கி, லாரியில் ஏற்றி, 1883 முதல் மரம் அறுத்துவரும் சாத்தம் தீவு வரை கொண்டுவந்து, அங்கிருந்து வாகனப் படகில் விரிகுடாவைக் கடக்க வேண்டும். படகு வேண்டாமென்றால் பெர்ரார்கஞ்ச் வழியாக நெடுந்தூரம் சுற்ற வேண்டும். எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இந்தச் சிற்றூருக்கும் நடுவே இவ்வளவு ஏற்றிறக்கம் இருக்கிறது.

இந்தத் தொலைவுக்கான விலையைக் கப்பல் கூலியோடு கணக்கு முடித்துவிடுவது வழக்கம். கூலி அதில் ஒரு பகுதிதான். அடுத்த கப்பல் என்று வரும் என்ற உறுதியில்லாத கடைக்காரர், சென்னையில் ஒரு வாரத்துக்குப் போதுமான சரக்கை இங்கே ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்குகிறார். அந்த மூட்டைகளுக்குள் அவருடைய பணம் அசையாமல் கிடக்கிறது. வாங்குவோரும் ஒரே வகையினர் அல்லர். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழித்தோன்றல்கள், தமிழர், தெலுங்கர், வங்காளியர் எனப் பலரும் வாழும் வட்டாரம் இது. பொன்னி அரிசி மட்டும் வைத்து இங்கே கடை நடத்த இயலாது. மட்டை அரிசியும் வேண்டும், கடுகெண்ணெயும் வேண்டும். வகை கூடக்கூட முடங்கும் பணமும் கூடும். மளிகைத் தொழிலில் தொலைவு என்பது சரக்கில் முடங்கும் பணம் என்பதைப் பாம்பூஃப்ளாட்டின் சிறு கடையொன்றே காட்டிவிடும். தமிழ்நாட்டில் பிறந்த மிகப்பெரிய மளிகைத் தொடர் ஒன்று வீழ்ந்த கதையை இந்த அளவுகோல் கொண்டு படிக்கலாம்.

சுபிக்ஷா 1997-இல் சென்னை திருவான்மியூரில் தொடங்கிற்று. நிறுவியவர் ஆர். சுப்பிரமணியன், சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் பயின்றவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆர்பிஜி குழுமம் அதே நகரில் ஃபுட்வேர்ல்டு கடைகளைத் திறந்திருந்தது. குளிரூட்டிய கூடம், தள்ளுவண்டி, ஒளிரும் அலமாரி ஆகியவை அதன் அடையாளம். சுபிக்ஷா நேர்மாறான வழியைத் தேர்ந்தது. முதன்மைச் சாலையை விட்டுக் குடியிருப்புத் தெருக்களில் சிறிய இடம், குறைந்த வாடகை, குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை. மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலைக்குக் கீழே கிடைக்கும் என்பதே அதன் ஒற்றை வாக்குறுதி.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதையின் மையம் இருக்கிறது. சில்லறைக் கடைகள் வழக்கமாகக் கடனுக்கு வாங்கி, விற்றபின் பணம் கட்டும். சுபிக்ஷா உற்பத்தியாளருக்குக் கையோடு பணம் கொடுத்து, அதற்கென்று கூடுதல் தள்ளுபடி பெற்றது. அதை வாடிக்கையாளருக்குக் கைமாற்றிற்று. இது நடக்க இரண்டு தேவைகள் உண்டு. கையில் எப்போதும் பணம் இருக்க வேண்டும். போட்ட பணம் சரக்காகி, விற்று, விரைவில் திரும்ப வேண்டும். சென்னையில் இரண்டும் இயன்றன. கடைகள் நெருக்கமாக இருந்தன. ஒரே கிடங்கிலிருந்து அன்றன்று சரக்கு அனுப்ப முடிந்தது. இட்லி அரிசி எவ்வளவு போகும், எந்தத் தேதியில் சம்பளக் கூட்டம் வரும் என்பதெல்லாம் கொள்முதல் செய்வோருக்கு மனப்பாடம். பத்தாண்டுக்குள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 150 கடைகள். அதுவரை அதன் வளர்ச்சி பிறந்த ஊரின் மடியிலேயே நடந்தது.

பிறகு வேகம் மாறிற்று. 2006 இறுதியில் ரிலையன்ஸ் ஃபிரெஷ் ஹைதராபாத்தில் கடை திறந்தது. பிர்லா குழுமமும் களத்தில் இறங்கிற்று. பெருமுதலாளிகள் வருமுன் நாடெங்கும் இடம்பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் சுபிக்ஷாவை ஆட்கொண்டது. தில்லி, குஜராத், மகாராஷ்டிரம், ஆந்திரம், கருநாடகம் என்று பரவி, 2008-க்குள் கடைகள் 1,600-ஐ எட்டின. கைப்பேசி விற்பனையும் சேர்ந்துகொண்டது. ஒப்பீட்டுக்கு ஒன்று: 2002-இல் மும்பையில் தொடங்கிய டிமார்ட், 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது வைத்திருந்தவை 131 கடைகள்.

சென்னையின் மலிவு புதிய ஊர்களுக்குத் தானே பயணம் செய்யவில்லை. வடநாட்டுக் குடும்பம் கோதுமையை மில்லில் அரைத்துக்கொள்ளும். குஜராத்தி இல்லத்தரசி கடலை எண்ணெயைப் பதினைந்து கிலோ தகரத்தில் வாங்குவாள், ஆண்டுக்கான கோதுமையை அறுவடைக் காலத்திலேயே நிரப்பிக்கொள்வாள். திருவான்மியூரில் கற்ற கொள்முதல் பாடம் அங்கே செல்லாது. ஒவ்வொரு நகரிலும் புதுக் கிடங்கு, புது வழங்குநர், புது ஆட்கள். கடை திறக்கும் செலவு கண்ணுக்குத் தெரியும்; அதை நிரப்பும் செலவு தெரியாது. கணக்கை எளிமையாக்கிப் பார்க்கலாம். ஒரு கடைக்குப் பத்து இலட்சம் ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொண்டால் 150 கடைக்கு 15 கோடி; 1,600 கடைக்கு 160 கோடி. கிடங்கிலும் வழியிலும் நிற்கும் சரக்கு இதில் சேராது. முன்பணம், வாடகை, சம்பளம் வேறு. பாம்பூஃப்ளாட் கடைக்காரர் ஒருவருக்கு நேரும் பண முடக்கம் இங்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் நேர்ந்தது.

இந்தப் பணம் பெரும்பாலும் கடனாக வந்தது. சுமார் 750 கோடி ரூபாய் வங்கிக் கடன், மெலிந்த பங்கு முதலீட்டின்மேல் நின்றது. 2008-இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவின் 10 விழுக்காட்டுப் பங்கை 230 கோடிக்கு வாங்கியபோது, நிறுவனத்துக்குப் புதுரத்தம் பாய்ந்ததாகவே பலரும் கருதினர். வாங்கப்பட்டவை ஐசிஐசிஐ வென்ச்சர் கையிலிருந்த பழைய பங்குகள். தொகை விற்றவருக்குப் போயிற்று. அலமாரிக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. பட்டியலிடப்பட்ட வேறொரு நிறுவனத்தோடு இணைந்து பங்குச் சந்தைக்குள் நுழையும் திட்டமும் நிறைவேறவில்லை. அந்தச் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சரிந்தது. கடன் கதவுகள் உலகெங்கும் சாத்தப்பட்டன.

அடுத்து நடந்தது மளிகைத் தொழிலுக்கே உரிய மரணம். ரொக்கம் தீர்ந்ததும் ரொக்கத் தள்ளுபடியும் தீர்ந்தது. மலிவு என்ற ஒற்றை வாக்குறுதி முதலில் போயிற்று. நீண்டகாலக் கடனுறவைப் பேணாத நிறுவனத்துக்கு நெருக்கடியில் சரக்குக் கொடுத்துக் காத்திருக்க வழங்குநர்களுக்குப் பெரிய காரணம் இல்லை. அலமாரியில் பருப்பு இருந்தால் எண்ணெய் இல்லை. பாதிப் பட்டியலோடு திரும்பியவர் மறுநாள் பழைய அண்ணாச்சி கடைக்கே போனார். விற்பனை குறையக் குறையச் சரக்கு வாங்கும் பணமும் குறைந்தது. 2009 தொடக்கத்தில் கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சம்பளம் நின்றது. காவலர்களுக்குப் பணம் தரமுடியாமற்போனபின் பல கடைகளில் சரக்கும் சாமான்களும் சூறையாடப்பட்டதாக நிறுவனமே சொல்லிற்று. சுபிட்சம் என்ற சொல்லின் எதிர்ப்பதம் துர்பிட்சம், அதாவது பஞ்சம். பெயர் வைத்தவர் இதை எண்ணியிருக்க மாட்டார்.

முதலீட்டாளரும் நிறுவனரும் கணக்குகள் குறித்துப் பொதுவெளியில் மோதிக்கொண்டனர்; கடன் கொடுத்தோர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். பின்னாளில் நிறுவனரின் விஸ்வப்பிரியா குழும வைப்புத்தொகை வழக்கில், 2023 நவம்பரில், சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டுவிட்டுத் தவித்தவர்களின் துயரம் அந்த வழக்கில் இருக்கிறது. எனினும் ஒரு மனிதரின் குற்றத்தைக் கொண்டு கடைத்தொடரின் வீழ்ச்சி முழுவதையும் விளக்கிவிட முயல்வது சோம்பல். குற்றவழக்கு எதுவும் இல்லாத பெருநிறுவனங்களும் அந்நிய மண்ணில் இப்படித் தோற்றிருக்கின்றன. வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, உள்ளூர் மலிவுக் கடைகளை விலையில் வெல்ல முடியாமல் 2006-இல் கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்று வெளியேறிற்று. அமெரிக்காவின் டார்கெட் 2013-இல் கனடாவில் தொடங்கி 133 கடைகள் வரை திறந்தது. கிடங்கில் சரக்குக் குவிந்திருக்க, தவறான பொருள் விவரங்களால் அலமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. 2015-இல் முழுவதையும் மூடிற்று. அந்நிறுவனத்துக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை. பணம் இருந்தும் சரக்கை வாடிக்கையாளர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழி அமையவில்லை.

இவற்றுக்கெல்லாம் வெகுமுன்னே, 1904-இல், திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது. இங்கிலாந்தின் ராச்டேல் முன்னோடிகளைப் பின்பற்றிய அந்தத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், கிளைகளைச் சென்னைக்குள்ளேயே பரப்பிற்று. வாங்குவோரே பங்குதாரர், அவர்கள் எந்த அரிசி உண்பர் என்பதைச் சங்கம் ஆய்வு செய்து அறிய வேண்டியிருக்கவில்லை. அதன் எல்லை சிறிது, வளர்ச்சி மெது. நூற்றாண்டைக் கடந்தும் அது நிலைத்தது. சுபிக்ஷா பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தது.

பாம்பூஃப்ளாட்டின் மளிகைக்காரரிடம் இரண்டு வசதிகள் உண்டு. எந்தப் பெருந்தொடரின் திட்ட அறிக்கையிலும் அவை இடம்பெறா. கப்பல் தாமதமானால் போர்ட் பிளேர் மொத்த வியாபாரி தவணை கேட்டு நெருக்கமாட்டார். மாதக் கடைசியில் வாடிக்கையாளர் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு போவார், சம்பளம் வந்ததும் கட்டுவார். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த நோட்டில் பக்கங்கள் விரைவாக நிரம்புகின்றன.