பேட்டன்பர்க், மவுண்ட்பேட்டன் ஆன வரலாறு

மவுண்ட்பேட்டன் என்னும் பெயரைக் கேட்டதும் 1947ஆம் ஆண்டும், நாட்டுப் பிரிவினையும், இந்தியாவின் கடைசி வைசிராயும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், அந்தப் பெயர் தோன்றி அப்பொழுது முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நம்மிற் பலர் அறியோம். தொன்றுதொட்டு வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர்போல் ஒலிக்கும் அது, ஒரு ஜெர்மன் பெயரின் மொழிபெயர்ப்பே ஆகும்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் ஏடர் ஆற்றை அடுத்துப் பேட்டன்பர்க் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. 1851இல் ஹெஸ்ஸே கோமகனின் இளவல் அலெக்சாந்தர், ஜூலியா ஹௌக் என்னும் பெண்மணியை மணந்தார். அவர் அரச குலத்திற் பிறந்தவரல்லர். அத்தகைய மணத்திற் பிறக்கும் பிள்ளைகள் தந்தையின் பட்டத்துக்கு உரியவராகார் என்பது அந்நாளைய அரச மரபு. ஆகவே, கோமகன் அவ்வூரின் பெயரால் அப்பெண்மணிக்குத் தனிப் பட்டம் ஒன்றை வழங்கினார். பிள்ளைகளும் அதனையே தாங்கினர். குலப் பெருமை மறுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பெயர் அது!

அவர்களுடைய மூத்த மகன் லூயி, 1868இல், தம் பதினான்காம் வயதில், பிரிட்டிஷ் குடிமகனாகி அந்நாட்டுக் கடற்படையிற் சேர்ந்தார். விக்டோரியா அரசியாரின் பேர்த்தியை மணந்தார். படிப்படியாக உயர்ந்து, 1912இல் கடற்படையின் தலைமைப் பதவியை எய்தினார். 1914 ஜூலை இறுதியில் போர்மேகம் சூழ்ந்தபோது, ஒத்திகைக்காகத் திரண்டிருந்த கப்பல்களைக் கலைந்து செல்லவிடாமல் நிறுத்திவைத்தவர் அவரே.

போர் மூண்டதும், அவர் செய்த பணியை எவரும் பார்க்கவில்லை, பெயரையே பார்த்தனர். ஜெர்மன் பெயருடையவர் ஜெர்மனிக்கு எதிரான கடற்படையை நடத்துவதா என்ற ஐயம் ஏடுகளிலும் மக்களிடையேயும் பரவிற்று. அந்த அக்டோபர் 27ஆம் நாள், அதே பேட்டன்பர்க் பெயரைத் தாங்கிய அவருடைய தம்பி மகன் மாரிஸ், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் பிரிட்டனுக்காகப் போரிட்டு உயிர் நீத்தார். மறுநாள் லூயி தம் பதவி விலகற் கடிதத்தை எழுதினார். 46 ஆண்டுக்கால ஊழியம் ஒரு பெயரின்முன் எடையற்றுப் போயிற்று.

1917இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே தம் குலத்தின் ஜெர்மன் பெயரைத் துறந்து, வின்ட்சர் என்னும் பெயரை ஏற்றார். மன்னரின் உறவினரான லூயியும் தம் பெயரை மாற்றிக்கொண்டார். ஜெர்மன் மொழியில் 'பர்க்' என்றால் மலை. ஆங்கிலத்தில் அது 'மவுண்ட்'. கடைசியில் இருந்த மலை முதலில் வந்தமர, பேட்டன்பர்க் மவுண்ட்பேட்டன் ஆயிற்று. 1921இல் அவர் மறைந்தார்.

தந்தை பதவி துறந்தபோது கடற்படைப் பயிற்சிப் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த 14 வயது இளைய மகனே பின்னாளைய வைசிராய். 1955இல் அவர், தந்தை இழந்த அதே பதவியில் அமர்ந்தார். லூயியின் மகள் வயிற்றுப் பேரர் பிலிப், 1947இல் இப்பெயரை ஏற்று, எலிசபெத் இளவரசியை மணந்தார். 1960இல் அரச குடும்பத்தின் வழித்தோன்றல்கள் சிலருக்கு மவுண்ட்பேட்டன்-வின்ட்சர் என்னும் குடும்பப் பெயரும் வகுக்கப்பட்டது.

1914இல் ஐயத்திற்கு இடமான பெயர், அரண்மனையின் பெயராகவே ஆகிவிட்டது. இடையில் மாறியது எழுத்துகளின் வரிசை மட்டுமே. குருதியும் மாறவில்லை, விசுவாசமும் மாறவில்லை. பெயரைக் கேட்டு மனிதரை அளப்போர்க்கு இவ்வரலாறு கூறும் விடை இதுவேயாம்.